குக்கி கிளிக்கர்: பல வருடமாக ஒரு டேப்பில் ஓடிக்கொண்டிருக்கும் கேம், புதிதாக வருகிறவர்களுக்காக

பெரிய குக்கியைக் கிளிக் செய்து குக்கி சேர்த்து, அதைக் கொடுத்துத் தானாகக் குக்கி சுடும் கட்டடங்களை வாங்கும் கேம் குக்கி கிளிக்கர். இதை ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் எல்லாம் பறக்கும். கர்சர், பாட்டி, பண்ணை, சுரங்கம், தொழிற்சாலை என்று வரிசையாகத் திறந்துகொண்டே போகும், வங்கி கோயில் வரைக்கும் வந்துவிடலாம், அப்புறம் 33 கோடி குக்கி கேட்கும் மந்திரவாதி கோபுரத்தைப் பார்த்துவிட்டு "இதுக்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கணும்?" என்று டேப்பை மூடிவிடுவார்கள். உண்மையில் கேம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதுவரைக்கும் கையில் வந்ததை வந்த உடனே செலவழித்தால் போதும். அதற்குப் பிறகு எதில் போடுவது, எப்போது போடாமல் வைத்திருப்பது என்று யோசிக்க வேண்டும். பல வருடமாக விட்டு விட்டு ஆடிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த கேமில் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த ஒரு விஷயம்தான்.

தெரியாதவர்களுக்கு: 2013 ஆகஸ்டில் ஆர்ட்டீல் என்ற பெயரில் இயங்கும் பிரெஞ்சுக்காரர் ஜூலியன் தியன்னோ எழுதியது. பிரவுசரில் இன்றைக்கும் இலவசம். 2021 செப்டம்பரில் ஸ்டீம் என்ற கேம் கடையிலும் வந்தது, அதற்கு மைன்கிராஃப்ட் கேமுக்கு இசையமைத்த சி418 இசை போட்டிருக்கிறார். நான் பெரும்பாலும் ஆடுவது பிரவுசரில். காசு கொடுத்து வேகத்தை வாங்கும் வேலை இதில் இல்லை, மொபைலில் வரும் ஐடில் (தானாக ஓடும்) கேம்களை ஆடி அலுத்தவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.

சரி, விலைக்கு வருவோம். ஒரு கட்டடத்தை வாங்கினால் அடுத்ததன் விலை 15 சதவீதம் ஏறும். எல்லாக் கட்டடத்துக்கும் இதே கணக்குதான். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் அஞ்சு வாங்குவதற்குள் விலை இரட்டிப்பாகிவிடும், பத்து வாங்கினால் நாலு மடங்கு. முதல் பாட்டி 100 குக்கி. 51-வது பாட்டி ஒரு லட்சத்து எட்டாயிரத்துச் சொச்சம். அந்தப் பாட்டி தருவதோ முதல் பாட்டி தரும் அதே அளவு. அதாவது விலை பெருக்கலில் ஏறுகிறது, உற்பத்தி கூட்டலில்தான் ஏறுகிறது. கட்டடத்தை மட்டுமே வாங்கிக்கொண்டிருந்தால் சுவரில் முட்டத்தான் வேண்டும்.

இதைத் தாண்ட வைப்பவைதான் மேலே சின்னச் சின்னக் கட்டங்களாக வரும் அப்கிரேடுகள். விலையைப் பார்த்துப் பயந்து பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். உங்களிடம் 25 பாட்டி இருக்கிறார்கள், முதல் இரண்டு பாட்டி அப்கிரேடும் வாங்கியாகிவிட்டது, ஒவ்வொருவரும் விநாடிக்கு 4 குக்கி சுடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 26-வது பாட்டியின் விலை 3,292. பக்கத்திலேயே மூன்றாவது அப்கிரேடு 50,000 என்று நிற்கும். கை தானாகப் பாட்டியிடம்தான் போகும். ஆனால் அந்தப் பாட்டி போட்ட காசைத் திருப்பித்தர 823 விநாடி ஆகும். அப்கிரேடு இருக்கிற 25 பேரின் வேகத்தையும் இரட்டிப்பாக்கி விநாடிக்கு 100 குக்கி கூட்டும், 500 விநாடியில் போட்டது வந்துவிடும். விலையை விநாடிக்குக் கூடும் குக்கியால் வகுத்துப் பாருங்கள், எது சின்ன எண்ணோ அதை வாங்குங்கள். ஒவ்வொரு கட்டடத்தின் மேலும் மவுஸை வைத்தால் அது எவ்வளவு தருகிறது என்று காட்டும், அதனால் பேப்பர் பேனா எல்லாம் தேவையில்லை, கொஞ்ச நாளில் கண்ணே சொல்லிவிடும்.

அப்கிரேடுகள் எப்போது திறக்கும் என்பதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. கர்சரைத் தவிர ஒவ்வொரு கட்டடத்திலும் 1, 5, 25, 50, 100 என்ற எண்ணிக்கையில் வரும். 23 பண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்றால் இன்னும் இரண்டு வாங்கி 25 ஆக்குவதுதான் சரி, தனித்தனியாகப் பார்த்தால் அந்த இரண்டும் நஷ்டக் கணக்காகத் தெரிந்தாலும்.

அடுத்தது கோல்டன் குக்கி. ஆரம்பத்தில் அஞ்சிலிருந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் எங்காவது தோன்றி, 13 விநாடியில் மறைந்துவிடும். கிளிக் செய்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று வரும். ஃபிரென்சி வந்தால் 77 விநாடிக்கு உற்பத்தி 7 மடங்கு. லக்கி வந்தால் ஒரு தொகை மொத்தமாகக் கையில் விழும். இந்த லக்கியைத்தான் புதிதாக ஆடுகிறவர்கள் கவனிப்பதில்லை. அது தருவது உங்கள் கையிருப்பில் 15 சதவீதம், அல்லது 15 நிமிட உற்பத்தி, இரண்டில் எது குறைவோ அது (கூடவே 13 குக்கி, அது ஒரு கிண்டல்). கையில் இருப்பதையெல்லாம் துடைத்துச் செலவழித்துவிட்டு நிற்பவருக்கு லக்கி வந்தால் பூஜ்யத்தில் 15 சதவீதம்தான் கிடைக்கும். வங்கியில் டெபாசிட் கிடந்தால்தானே வட்டி!

எவ்வளவு வைத்திருக்க வேண்டும்? விநாடி உற்பத்தியை 6,000-ஆல் பெருக்குங்கள். விநாடிக்கு பத்து லட்சம் குக்கி என்றால் 600 கோடி. அப்போது ஒரு லக்கிக்கு 90 கோடி முழுசாகக் கிடைக்கும். ஃபிரென்சி ஓடும்போதே இன்னொரு கோல்டன் குக்கி வந்து அது லக்கியாக அமைந்தால் 7 மடங்கு, அதற்கு 42,000-ஆல் பெருக்கிய தொகை, அதாவது 4,200 கோடி கையில் இருக்க வேண்டும். ஆரம்பத்திலேயே இதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், வளர்ச்சி வேகமாக இருக்கும் வரை வாங்கிக்கொண்டே போவதுதான் லாபம். அடுத்த கட்டடத்துக்கு மணிக்கணக்கில் ஆகும் என்ற நிலை வந்ததும் முதலில் இந்த இருப்பைச் சேர்த்துவிட்டு, அதற்கு மேல் வருவதை மட்டும் செலவழிக்கும் பழக்கத்துக்கு மாறுங்கள். இந்த ஒரு மாற்றத்தில் கேம் வேறு கேமாகிவிடும்.

7 கோல்டன் குக்கி கிளிக் செய்ததும் லக்கி டே என்ற அப்கிரேடு 77 கோடியே 77 லட்சத்துச் சொச்சத்துக்கு வரும். 27-ல் செரண்டிபிட்டி. ஒவ்வொன்றும் கோல்டன் குக்கி வரும் இடைவெளியைப் பாதியாக்கும், திரையில் நிற்கும் நேரத்தை இரட்டிப்பாக்கும். 77-ல் வரும் கெட் லக்கி, ஃபிரென்சி போன்றவை ஓடும் நேரத்தை இரட்டிப்பாக்கும். மூன்றையும் வேறு யோசனை இல்லாமல் வாங்கலாம், மூன்றாவதன் விலை தலையைச் சுற்ற வைக்கும் என்றாலும்.

அச்சீவ்மென்ட் (இலக்கை எட்டினால் கிடைக்கும் பதக்கம்) எல்லாம் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு அச்சீவ்மென்டும் 4 சதவீதம் பால் தரும், பூனைக்குட்டி அப்கிரேடுகள் அந்தப் பாலை உற்பத்தியாக மாற்றும். 50 அச்சீவ்மென்ட் இருந்தால் பால் 200 சதவீதம், அந்தக் கட்டத்தில் கிடைக்கும் முதல் மூன்று பூனைக்குட்டிகள் ஒன்றோடொன்று பெருகி மொத்த உற்பத்தியை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கிவிடும். அதனால் லாபமே இல்லாத கர்சரைக்கூட அச்சீவ்மென்டுக்காக ஐம்பது, நூறு என்று நிரப்புவதில் அர்த்தம் இருக்கிறது. பாட்டி சுட, பூனை பால் குடிக்க, வேகம் ஏறுகிறது. எதற்கு என்று கேட்கக் கூடாது.

மொத்தம் நூறு கோடி குக்கி சுட்டதும் மேலே ஒரு சர்க்கரைக் கட்டி முளைக்கும், அதைக் கொடுத்துக் கட்டடங்களின் நிலையை ஏற்றலாம். பழுக்க 23 மணி நேரம், ஆக நாளைக்கு ஒன்று. 20 மணி நேரத்திலேயே பறிக்கலாம், ஆனால் பாதிக்குப் பாதி கை விட்டுப் போகும், தேவையில்லாத அவசரம். முதல் கட்டியை மந்திரவாதி கோபுரத்துக்குக் கொடுங்கள், வேறு எதற்கும் வேண்டாம். கிரிமோயர் என்ற மந்திரப் புத்தகம் திறக்கும், அதில் கோல்டன் குக்கியை நாமே வரவழைக்கும் மந்திரம் இருக்கிறது. நூற்றுக்கு 15 தடவை சொதப்பி, கெடுதலும் செய்யக்கூடிய சிவப்புக் குக்கி வரும், பரவாயில்லை. ஃபிரென்சி ஓடும்போது மந்திரம் போடுவதுதான் சூட்சுமம், ஏனென்றால் அப்போது லக்கி போன்றவை வந்தால் பெரிதாக வரும். கிளிக் ஃபிரென்சி அமைந்தால் 13 விநாடிக்கு ஒவ்வொரு கிளிக்கும் 777 மடங்கு, மவுஸ் பாவம். அடுத்த கட்டிகள் கோயில், பண்ணை, வங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அப்புறம் பண்ணையைத் தொடர்ந்து ஏற்றுங்கள், அதில் திறக்கும் தோட்டம் 9-வது நிலையில் ஆறுக்கு ஆறு கட்டம் ஆகும்.

பாட்டிகள் விஷயத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சிக் கூடத்தை வாங்கி அது தருவதையெல்லாம் வாங்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எச்சரிக்கை வரும், அதையும் தாண்டினால் பின்னணி சிவந்து பாட்டிகள் முறைக்க ஆரம்பிப்பார்கள். பெரிய குக்கியைச் சுற்றி ரிங்க்ளர் என்ற அட்டை மாதிரி ஜந்துகள் ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொன்றும் உற்பத்தியில் 5 சதவீதத்தைத் தின்னும். பார்த்ததும் அடித்து விரட்டத்தான் தோன்றும். விடுங்கள், தின்னட்டும். பத்தும் சேர்ந்தால் பாதி உற்பத்தி போகும், ஆனால் போன அந்தப் பாதி ஒவ்வொன்றின் வயிற்றிலும் தனித்தனியாகச் சேர்கிறது, உடைக்கும்போது அதற்கு மேல் பத்து சதவீதம் கூட்டித் தருகிறது. 0.5 பெருக்கல் 10 பெருக்கல் 1.1, மிச்சமிருக்கும் பாதியையும் கூட்டினால் ஆறு மடங்கு. காலையில் திறந்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்து, சாயங்காலம் வந்து உடைக்கிறவர்களுக்கு இதைவிட நல்லது இந்த கேமில் கிடையாது. திரை முன்னாலேயே இருந்து கோல்டன் குக்கி பிடிக்கிறவர்கள் மட்டும் இந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது, சிவப்புக் குக்கிகள் கலந்து வந்து ஆட்டத்தைக் கெடுக்கும்.

இப்போது எல்லோரும் அவசரப்படும் இடம், அசென்ட். எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பது, பதிலுக்குப் பிரஸ்டீஜ் நிலையும் அதே எண்ணிக்கையில் ஹெவன்லி சிப்பும் கிடைக்கும். மொத்தம் லட்சம் கோடி குக்கி சுட்டதும் முதல் நிலை காத்திருக்கும், பட்டனும் அழைக்கும். அழுத்தாதீர்கள். ஒரு சிப்புக்கு லெகசி என்ற அப்கிரேடு ஒன்றுதான் வாங்க முடியும், வேறொன்றும் இல்லாமல் மறுபடி பதினைந்து குக்கி கர்சரிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கணக்கு கனமூலத்தில் போகிறது: 10-வது நிலைக்கு ஆயிரம் லட்சம் கோடி, 100-வது நிலைக்கு பத்து லட்சம் லட்சம் கோடி. நிலை இரட்டிப்பாக எட்டு மடங்கு சுட வேண்டும். ஆடுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது முதல் அசென்டுக்கு 440 வரை பொறுங்கள் என்று, நானும் அதைத்தான் சொல்வேன். அந்த 440-ல் லெகசி 1, ஹெவன்லி குக்கீஸ் 3, டிராகன் 9, ஸ்டார்ட்டர் கிட் 50, ஹெவன்லி லக் 77, ஒரு அப்கிரேடை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் இடம் 100 என்று உருப்படியாக வாங்கலாம். நிரந்தர இடத்தில் அதுவரை கிடைத்ததில் கடைசிப் பூனைக்குட்டியை வையுங்கள்.

அசென்ட் செய்தால் போவது கையிருப்பு, கட்டடம், சாதாரண அப்கிரேடுகள். அச்சீவ்மென்ட், சர்க்கரைக் கட்டி, கட்டிகளால் ஏற்றிய நிலைகள் எல்லாம் இருக்கும். இதுவரை சுட்ட மொத்தக் கணக்கும் அடுத்த பிரஸ்டீஜுக்குத் தொடரும், எனவே எதுவும் வீணாவதில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பிரஸ்டீஜ் தரும், ஒரு நிலைக்கு ஒரு சதவீத உற்பத்திக் கூடுதல் தானாக வந்துவிடாது. லெகசி வாங்கிய பிறகு, உள்ளே 11 குக்கியில் ஆரம்பித்து 111 கோடி வரை போகும் அஞ்சு ஹெவன்லி அப்கிரேடுகளை ஒவ்வொரு தடவையும் வாங்கினால்தான் அது 5, 25, 50, 75, 100 சதவீதம் என்று திறக்கும்.

ஐடில் கேம் என்று பெயர், ஆனால் ஆரம்பத்தில் டேப்பை மூடினால் ஒரு குக்கிகூடச் சேராது. அசென்ட் செய்து ஒரு சிப்புக்கு டுவின் கேட்ஸ் வாங்கினால்தான் மூடியிருக்கும்போதும் வரும், அதுவும் முதல் ஒரு மணி நேரத்துக்கு 5 சதவீதம், அப்புறம் அதிலும் பத்தில் ஒரு பங்கு. லேப்டாப்பைத் திறந்தே வைத்திருப்பவர்களுக்குத்தான் இது ஒத்துவரும்.

நீண்ட நாள் ஆடியதில் அலுத்தவை என்றால் வங்கியில் திறக்கும் பங்குச் சந்தையைச் சொல்வேன். குறைந்த விலையில் வாங்கி, ஏறும்வரை காத்திருந்து விற்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. ஈஸ்டர் முட்டை, கிறிஸ்துமஸ் பிஸ்கட் சேகரிப்பும் முதல் தடவைதான் சுவாரசியம். தோட்டம் அப்படியில்லை. இரண்டு செடியைப் பக்கத்தில் வைத்து மூன்றாவதற்காகக் காத்திருப்பது, 34 வகையையும் சேர்த்தபின் அத்தனையையும் பலி கொடுத்து பத்து சர்க்கரைக் கட்டி வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது, இதெல்லாம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. சேவ் பிரவுசருக்குள்ளேயே இருப்பதால் ஹிஸ்டரியைத் துடைக்கும்போது அதுவும் சேர்ந்து போகலாம். ஆப்ஷன்ஸில் எக்ஸ்போர்ட் சேவ் அழுத்தினால் வரும் நீளமான எழுத்துச் சரத்தை வாரத்துக்கு ஒருமுறை மெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.