அட்டை விளையாட்டுக்குப் படம் கீறுபவர்கள் கவனம்: ஒரிஜினலைக் கூரியரில் அனுப்பாதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் படம் கீறுகிற தம்பி தங்கச்சிமாருக்காக எழுதுகிறேன். வெளிநாட்டில் சேகரிப்பு அட்டை விளையாட்டு (படம் போட்ட அட்டைகளைச் சேர்த்து ஆடுவது) ஒன்று தயாரிப்பதாகச் சொல்லி ஒருவர் வட்ஸ்அப்பில் வருவார். வாய்க்கு வாய் அக்கா என்பார். அரைவாசிக் காசை முற்பணமாகப் போட்டும் விடுவார். அதற்குப் பிறகு யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

என்னைக் கீறச் சொன்னது இரண்டு படம்: வாவிக்குள்ளிருந்து எழும்புகிற கடல்கன்னி, வடமோடிக் கூத்தில் போடுகிற, கூடை மாதிரி விரிந்த கரப்புடுப்போடு நிற்கிற அரக்க ராசா. அட்டை 63 மில்லிமீற்றர் அகலம், 88 உயரம். படத்துக்குரிய இடம் அதிலும் சிறிசு. நாங்கள் ஏ3 அளவில் கீறினாலும் அந்தச் சின்னச் சட்டத்துக்குள் உருவம் பளிச்சென்று தெரியவேண்டும். "வால் தண்ணியோட கலந்துபோகுது, பின்னணியை இருட்டாக்குங்க அக்கா" என்றார். சரியான திருத்தம். ஆளுக்குத் தொழில் தெரியும், அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

படம் முடிந்ததும் கதை மாறியது. போனில் எடுத்த படத்தில் வார்னிஷ் மினுங்குதாம், நல்ல ஸ்கேனர் அங்கேதான் இருக்காம், ஸ்கேன் பண்ணித் திருப்பி அனுப்புவாராம், மிச்சக் காசும் அப்போதுதானாம். பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு நம்பர் வேலை செய்யவில்லை.

இந்த ஸ்கேனர் கதை சுத்தப் பொய். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஒரு அட்டை அச்சடிக்கக் கிட்டத்தட்ட 750க்கு 1040 பிக்சல் போதும். பெரிய சுவரொட்டிக்கென்றாலும், வார்னிஷ் பூச முதல் சாதாரண ஏ4 ஸ்கேனரில் இரண்டு பாதியாக எடுத்துக் கணினியில் ஒட்டிவிடலாம். கடதாசியில் கீறியதென்றால் பத்து நிமிட வேலை.

மறுகா, அட்டை சேகரிப்போர் குழு ஒன்றில் என்ர கடல்கன்னி விற்பனைக்குக் கிடந்தாள், "கையால் வரைந்த ஒரிஜினல்" என்று. கீழ் வலப்பக்கம் என்ர கையெழுத்துக்கு மேல் கருநீலம் பூசியிருந்தது. ஆனால் வாலுக்குப் பக்கத்தில் வார்னிஷ் காயும்போது ஒட்டிச் செத்த நுளம்பு அப்படியே இருந்தது, ஒற்றைச் செட்டையோடு. நான் அனுப்ப முதல் எடுத்த கிட்டப் படத்திலும் அதே நுளம்பு. அதை வைத்துத்தான் முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஏன் இந்தப் பாடு படுகிறார்கள்? இப்போது வருகிற அட்டைப் படங்களில் கனக்கக் கணினியிலேயே கீறியவை. அவற்றுக்குக் கையில் தொடக்கூடிய ஒரிஜினல் என்றே ஒன்று கிடையாது. அதனால் தூரிகையால் கீறியதற்குச் சேகரிப்பவர்களிடம் தனி மவுசு. 1993 இல் வந்த மேஜிக்: தி கேதரிங் என்ற அட்டை விளையாட்டுக்குக் கீறுகிற ஓவியர்களும் படத்தை அச்சிடும் உரிமையைக் கம்பனிக்குக் கொடுத்தாலும், தூரிகையால் கீறிய படத்தைத் தாங்களே வைத்திருந்து வேறாக விற்கிறார்கள். இரண்டும் இரண்டு வியாபாரம். ஒன்றுக்குக் காசு தந்தவர் மற்றதைச் சும்மா கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

அச்சிடும் உரிமையும் வாய்ப்பேச்சில் கைமாறாது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அதற்கு எழுத்தும் கையெழுத்தும் வேண்டும்.

அக்கரைப்பற்றில் படம் கீறுகிற ஒரு தங்கச்சிக்கும் இதே மாதிரிச் செய்தி வந்திருக்கிறது, வேறு பெயரில். அவவிடம் கேட்டிருப்பது காட்டு யானை மேல் போகிற வேடுவ ராணி. உங்களுக்கும் வந்திருந்தால் ஸ்கிரீன்ஷொட்டை எனக்கு அனுப்புங்கள், முறைப்பாட்டோடு சேர்க்கவேண்டும்.