செகண்ட் லைஃப்ல ஓசி டிரெஸ்: மார்க்கெட்பிளேஸா, ஃப்ரீபி கடையா, குரூப் கிஃப்ட்டா?

போன ஐப்பசில கோத்தகிரில நாலஞ்சு நாள் விடாம மழை, ஹோம்ஸ்டேக்கு புக் பண்ணவங்க எல்லாம் கேன்சல் பண்ணிட்டாங்க, அந்த சும்மா இருந்த நேரத்துலதான் செகண்ட் லைஃப்ங்கிற ஆன்லைன் 3டி உலகத்துல அக்கவுண்ட் போட்டேன். ஒரு ரூபா கூட செலவு பண்றதில்லங்கிற முடிவோடதான் உள்ள போனேன். எனக்கு வேணுங்கிறது ஸ்வெட்டர், சால்வை, மங்கி கேப், அவ்ளோதான். இது இல்லாம இங்க யாரும் காலைல பால் வாங்கக்கூட கிளம்ப மாட்டாங்க, அங்க எனக்குப் பதிலா நடமாடற பொம்மை, அதாவது என் அவதார் மட்டும் கையில்லாத டாப்ஸ்ல நின்னா அது நான்னே எனக்குத் தோணல.

செகண்ட் லைஃப் 2003ல லிண்டன் லேப் ஆரம்பிச்சது. அங்க இருக்கற துணிமணி பெரும்பாலும் உள்ள வர்ற ஆளுங்களே செஞ்சு லிண்டன் டாலர்ங்கிற அந்த உலகத்துக் காசுக்கு விக்கறது, ஓசியா கிடைக்கறதும் அவங்க மனசு வச்சு குடுக்கறதுதான். வெப்சைட்ல மார்க்கெட்பிளேஸ் இருக்கு, உலகத்துக்குள்ளயே ஓசிச் சரக்கு வைக்கற ஃப்ரீபி கடைங்க இருக்கு, அப்புறம் நிறைய கடைங்களோட குரூப்ல சேந்தா கிஃப்ட் தருவாங்க. ஆறு மாசமா எல்லாத்தையும் மாத்தி மாத்தி பாத்துட்டு நான் இப்ப குரூப் கிஃப்ட் பக்கம்தான் நிக்கறேன்.

மார்க்கெட்பிளேஸ் சுலபம், அத ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. விலைய 0ல இருந்து 0ன்னு போட்டு தேடுங்க, போட்டுப் பாக்க மட்டும் தர்ற டெமோவ மறைக்கற ஃபில்டர கண்டிப்பா போடுங்க, இல்லன்னா டெமோவா வந்து குவியும், அத மாட்டுனா தலைக்கு மேல டெமோன்னு போர்டு தொங்கும். இதுல எங்க மாதிரி மலைல இருக்கறவங்களுக்கு ஒரு பெரிய வசதி, போன் பிரவுசர்லயே வாங்கிடலாம். மழைல சிக்னல் ஒரு கோடா நிக்கும்போது கூட வேலை நடக்கும். கடைக்கு உள்ள நேர்ல போகணும்னா சுத்தி இருக்கற சுவரு செடி மத்தவங்க டிரெஸ்னு எல்லாமே இறங்கணும், லேப்டாப்ல ஹாட்ஸ்பாட் போட்டு ரெண்டு கடை ஏறி இறங்கறதுக்குள்ள ஒரு நாளைக்கான 1.5 ஜிபி பேக்கு தீந்துருச்சுன்னு மெசேஜ் வந்துரும்.

ஃப்ரீபி கடைங்க குடோன் மாதிரி, சுவர் பூரா பெட்டி, நிறைய பழைய சரக்கு. அதுக்கு அப்புறம் வரேன்.

புதுசா வர்றவங்க அடி வாங்கறது உடம்பு விஷயத்துல. 2011ல மெஷ்ஷுன்னு 3டி வடிவமா செய்ற முறை வந்தப்புறம் டிரெஸ்ஸுங்கிறது ஒரு குறிப்பிட்ட உடம்புக்கு அளவெடுத்து தைக்கற சமாச்சாரம் ஆயிடுச்சு. லாரா, லெகஸி, ரீபார்ன்னு உடம்புக்கே தனித்தனி பேரு, தனித்தனி அளவு. லாராவுக்கு செஞ்சத ரீபார்ன் மேல போட்டா துணிக்கு வெளிய தோள் பிதுங்கும். ரிக் பண்ண துணிய, அதாவது அவதாரோட எலும்போட சேத்துக் கட்டுனத, நகத்தவும் முடியாது, இழுத்து பெருசாக்கவும் முடியாது. ஆல்ஃபா லேயர் போட்டு பிதுங்கற இடத்த மறைக்கலாம்தான், ஆனா கழுத்துகிட்ட ஓட்டை மாதிரி தெரியும். எங்க அத்தை ஸ்வெட்டர் பின்னறப்ப தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் சாண் போட்டு அளந்துட்டுதான் ஊசியவே எடுப்பாங்க, பக்கத்து வீட்டு பையனுக்கு பின்னுனது எனக்கு ஏறவே ஏறாது, அதேதான் இங்கயும். மார்க்கெட்பிளேஸ்ல 0 விலைல அஞ்சு ஸ்வெட்டர் எடுத்தேன், ஒண்ணுதான் என் உடம்புக்கு உக்காந்துச்சு. மீதி நாலும் என் உடம்புக்கு செஞ்சதே இல்ல, ரெண்டுல எந்த உடம்புக்குன்னு எழுதக்கூட இல்ல.

அதனால மொதல்ல உடம்ப முடிவு பண்ணுங்க, அப்புறம் துணி தேடுங்க. லிண்டன் லேப் 2023ல விட்ட சென்ரா உடம்பு எல்லாருக்கும் ஓசி, அக்கவுண்டோட வர்ற லைப்ரரி ஃபோல்டர்லயே இருக்கும், ஆனா எனக்கு கிடைச்ச பெட்டிங்கள்ல அதுக்கான அளவு குறைச்சலாத்தான் இருந்துச்சு. சில கடைங்க குரூப்ல சேந்தவங்களுக்கு உடம்பையே கிஃப்ட்டா குடுக்கறதும் உண்டு, என்னோடது அப்படி வந்ததுதான்.

குரூப் கிஃப்ட்ட நான் தூக்கிப் பேசறதுக்கும் காரணம் இந்த அளவுதான். கடைக்காரங்க விக்கறதுக்கு செய்ற அதே தரத்துல ஒரு ஐட்டத்த கிஃப்ட்டா வைக்கறாங்க, பெட்டிய பிரிச்சா ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு ஃபோல்டர், எந்தெந்த உடம்புக்குன்னு சுவர்ல படத்துலயே போட்டிருக்கும், அளவு சரியில்லன்னு குரூப்ல கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்கும். நாளைக்கே நான் வேற உடம்புக்கு மாறுனாலும் அதே பெட்டில இன்னொரு அளவு காத்துகிட்டு இருக்கும், மார்க்கெட்பிளேஸ்ல எடுத்த அந்த ஒத்த ஸ்வெட்டர் அன்னைக்கே வீணாப் போயிடும்.

ஆனா இதுக்கு பராமரிப்பு வேணும். ஓசி அக்கவுண்ட்ல 42 குரூப்தான் வச்சுக்க முடியும். சேரறதுக்கு முன்னாடி சேர்ற கட்டணம் 0தானான்னு பாருங்க, சிலது காசு கேக்கும். கடைல போயி கிஃப்ட்ட தொடறதுக்கு முன்னாடி நம்ம பேரோட தெரியற அந்த குரூப் டேக்க ஆன் பண்ணியிருக்கணும், இல்லன்னா தராது. குரூப்ல அனுப்பற நோட்டீஸோட ஒட்டி வர்ற கிஃப்ட்ட தள்ளிப் போடாதீங்க, பழைய நோட்டீஸ் 14 நாள்தான் தங்கும், மரம் விழுந்து கரண்ட் போன வாரத்துல நான் அப்படி ஒரு பூட்ஸ விட்டேன், இன்னும் மனசு கேக்கல. எடம் பத்தலன்னா குரூப்ப விட்டு வெளிய வந்துடலாம், ஏற்கனவே வாங்குனது நம்ம இன்வென்ட்ரிலயே, அதாவது நம்ம பொருளெல்லாம் இருக்கற ஃபோல்டர்லயே இருக்கும். இன்னொண்ணு, கிஃப்ட்ட அடுத்தவங்களுக்கு தர்றது பெரும்பாலும் நடக்காது. காப்பி எடுக்கலாம், டிரான்ஸ்ஃபர் பண்ண முடியாது. குன்னூர்ல இருக்கற சித்தி பொண்ணு என் பூட்ஸ கேட்டா, நீயும் குரூப்ல சேருடின்னுதான் சொல்ல வேண்டியதாச்சு.

இப்ப அந்த ஃப்ரீபி கடை. மெஷ்ஷுக்கு முந்தின காலத்து சட்டை பேண்ட் எல்லாம் தோல் மேல பெயிண்ட் அடிச்ச மாதிரி லேயர். 2019ல பேக்ஸ் ஆன் மெஷ்ஷுன்னு ஒரு வசதி வந்துச்சு, அதுக்கப்புறம் அந்த பழைய லேயருங்க மெஷ் உடம்பு மேலயும் படியுது, அளவுப் பிரச்சனையே இல்ல, உடம்பு மட்டும் அத சப்போர்ட் பண்ணணும். கம்பளி ஸ்வெட்டர் அதுல தட்டையாத்தான் தெரியும், ஆனா உள்ள போடற பனியன், லெக்கிங்ஸ், சாக்ஸுக்கு எல்லாம் இத விட நல்ல வழி கிடையாது. என் மங்கி கேப்பும் ஒரு குடோன்ல கிடைச்சதுதான், அது ரிக் பண்ணாதது, நாமளே மாத்திக்கலாம்ங்கிற மாடிஃபை பர்மிஷன் வேற இருந்துச்சு, எடிட் போட்டு காது மூடற வரைக்கும் நானே இழுத்து விட்டுகிட்டேன்.

ஆம்பள அவதாருக்கு நான் தேடுனது கம்மி, தம்பிக்காக ரெண்டு தடவ பாத்ததோட சரி, அதனால அத வச்சு அடிச்சு சொல்ல மாட்டேன். அவன் ரோப்லாக்ஸ்ங்கிற கேம் ஆளு. அங்க லேயர்டு க்ளோத்திங் எந்த உடம்புக்கும் தானா படிஞ்சுக்கும், அந்த நிம்மதி இங்க இல்லதான். ஆனா ஓசில ரோபக்ஸ்ங்கிற அந்த கேம் காசு தரோம்னு பாஸ்வேர்டு கேக்கற சைட்டுங்க பூரா ஏமாத்து, வீட்ல சின்னப் பசங்க இருந்தா மொதல்ல அத சொல்லி வைங்க.

சால்வைதான் கடைசில கிடைச்சுது. டிசம்பர்ல குளிர்காலத்துக்குன்னு ஒரு கடை குரூப்ல வச்ச கிஃப்ட், அஞ்சு உடம்புக்கு அளவு, கலர் மாத்தற பட்டன் பலகை (ஹட்) ஒண்ணும் கூடவே. சாம்பல் கலர்ல வச்சு கழுத்த சுத்தி போட்டிருக்கேன், தோள்ல எங்கயும் பிதுங்கல.