மூன்று வருசமாக ரிமோட்டில் ஓடும் வளவு ரயில்: சிக்னல் எங்கே அறுகிறது

உப்புவெளியில் எங்கள் வளவைச் சுற்றி 45 மில்லிமீற்றர் அகலப் பாதையில் ஓடும் மாதிரி ரயிலை மூன்று வருசமாக 2.4 கிகாஹேர்ட்ஸ் ரேடியோ ரிமோட்டில்தான் ஓட்டுகிறேன். முதலில் தண்டவாளத்தில் கரண்ட் விட்டுத்தான் ஓட்டினேன், ஆனால் திருகோணமலைக் கடற்காற்றுக்குப் பித்தளை கறுத்துக்கொண்டே இருக்கும், துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் எஞ்சினுக்குள் பற்றரியும், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரும் வைத்தேன்.

ரிமோட் பெட்டியில் 100 மீற்றர் என்று போட்டிருந்தது. எங்கள் வளவு 30 மீற்றர்கூட வராது. அப்படியிருந்தும் குசினியின் தகரச் சுவருக்குப் பின்னால், கிணற்றடி வளைவுக்குப் போனால் ரயில் சொல்வழி கேட்காது. ஒருநாள் கடைசியாகக் கொடுத்த வேகத்திலேயே ஓடி, கவிழ்ந்து, முன்சக்கரம் உடைந்தது. எனக்கு அழுகையே வந்தது. சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ரிசீவரில் செட் பண்ணலாம், வாங்கியவுடன் முதலில் இதைத்தான் செய்யவேண்டும்.

அப்புறம் எஞ்சின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ரிசீவரின் அன்ரனா வயர், பாரத்துக்கு வைத்த ஈயக்கட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுருண்டு கிடந்தது. அந்த வயரின் நுனியில், மெல்லிய உலோக வலையுறை இல்லாத 31 மில்லிமீற்றர் துண்டு இருக்கிறதே, அதுதான் உண்மையான அன்ரனா, அலைநீளத்தில் கால்வாசி. மிச்சமெல்லாம் இணைப்பு வயர். உலோகத்துக்குள் அதை அடைத்துவிட்டு ரிமோட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. பிளாஸ்டிக் கரிப்பெட்டிக்குக் கொண்டுபோய், ஒரு ஸ்ட்ரோத் துண்டுக்குள் செருகி நேராக நிறுத்தினேன். மகள் எஞ்சினைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, நான் ரிமோட்டோடு ஒழுங்கையில் எட்டு வைத்து எண்ணிக்கொண்டே போனேன்: 70 எட்டு தாண்டியும் "ஓடுது அப்பா" என்றாள்.

ரிமோட்டின் அன்ரனா நுனியை ரயிலை நோக்கி நீட்டாதீர்கள், அந்தத் திசையில்தான் அலை ஆகக் குறைவு. பக்கவாட்டில் பிடியுங்கள். ரயிலுக்கு முதுகு காட்டியும் நிற்கவேண்டாம், உடம்பே சிக்னலைக் குடித்துவிடும். மாரியில் நனைந்த வாழையிலையும் அப்படித்தான், அதனால் கிணற்றடி வாழையை வேலிப்பக்கம் மாற்றி நட்டேன்.

போன கார்த்திகையில் மறுபடியும் விட்டு விட்டு ஓடியது. ரேஞ்ச்தான் போய்விட்டது என்று நினைத்தேன், பார்த்தால் ரிமோட்டின் பற்றரி ஸ்பிரிங்கில் பச்சை பிடித்திருந்தது. சுரண்டித் துடைத்ததும் சரியாகிவிட்டது. இப்போது மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்க்கிறேன்.