லயன்ஸ் கழகக் கட்டுரையும் நான்கு வருடம் நின்ற ஒரு வரியும்

சித்தப்பா மகள் இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். போன கிழமை கேட்டாள்: "அண்ணே, நீங்க இணையக் கலைக்களஞ்சியத்தில எழுதுறீங்கதானே, நானும் எங்க ஊரைப் பத்தி எழுதலாமா?" அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்த அன்றுதான், நான் நான்கு வருடமாகக் காத்துவந்த ஒரு வரியை யாரோ நீக்கியிருப்பதைப் பார்த்தேன். அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் கோபம் இருக்கும். நியாயமாகவும் எழுதப் பார்க்கிறேன்.

கணக்குத் திறப்பது, மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுவது எல்லாம் ஒரு பின்னேரத்தில் கைக்கு வந்துவிடும். போன் ஒன்று போதும். அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

நான் எடுத்துக்கொண்டது லயன்ஸ் கழகம் என்ற உலகளாவிய சேவை அமைப்பைப் பற்றிய கட்டுரை. காரணம் அம்மா. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது தராசின் முள் தெரியாது. கணக்கப்பிள்ளை சொன்ன கிலோவைக் கேட்டுக்கொண்டு வந்துவிடுவார். அப்புறம் லயன்ஸ் கழகத்தார் எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் ஒரு கண் முகாம் வைத்தார்கள். வேனில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வில்லை வைத்து, மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். லயத்துக்குத் திரும்பிய அம்மாவின் கண்ணில் முதலில் பட்டது அடுப்படிச் சுவரில் படிந்திருந்த கரி. "இம்புட்டுக் கரியோடவா இவ்வளவு நாளும் சோறாக்குனேன்" என்று கேட்டுவிட்டு, சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கடனைத் தீர்க்கத்தான் தொடங்கினேன். அப்போது கட்டுரை சில வரிகள்தான். இன்று போய்ப் பார்த்தால், காப்புறுதித் தொழில் செய்துவந்த மெல்வின் ஜோன்ஸ் 1917 ஜூன் 7 அன்று சிகாகோவில் பல கழகங்களின் பிரதிநிதிகளை ஒன்றாகக் கூட்டியது இருக்கிறது. அதே வருடம் ஒக்டோபரில் டலஸ் நகரில் நடந்த முதல் மாநாடும் இருக்கிறது. அதிக நாள் எடுத்து எழுதியது 1925 ஜூன் 30 பற்றிய பகுதி. ஒஹாயோ மாநிலத்தில் நடந்த மாநாட்டில் ஹெலன் கெல்லர் எழுந்து, பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக வாருங்கள் என்று லயன்ஸ் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டார். கண் என்பது இந்தக் கழகத்தின் பெரிய வேலையானது அதற்குப் பிறகுதான். அம்மாவின் கட்டு அவிழ்ந்த நாளுக்கும் அந்தப் பேச்சுக்கும் தொடர்பு இருக்கிறது என்று தெரிந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. 1930-ல் பியோரியா நகரத்து உறுப்பினர் ஜோர்ஜ் பொன்ஹம், பார்வையற்ற ஒருவர் கறுப்புக் கோலோடு வீதியைக் கடக்கத் திண்டாடியதைப் பார்த்துவிட்டுக் கோலுக்கு வெள்ளை பூசச் சொன்னதையும் சேர்த்தேன். பெண்கள் உறுப்பினராகலாம் என்று 1987-ல் மாற்றிய கதையை 2022-ல் எழுதினேன். நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன காலம் அது. கொப்பியில் எழுதிவைத்து, கரண்ட் வந்ததும் போனில் தட்டினேன்.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் ஒன்றையும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் இதை அரிமா சங்கம் என்பார்கள். எங்களுக்கு லயன்ஸ் கழகம். சிங்கத்துக்கு அரிமா என்பது நல்ல தமிழ்தான், ஆனால் ஹட்டனில் போய் அரிமா சங்கம் எங்கே என்று கேட்டால் வழி காட்ட ஆளிருக்காது. தலைப்புக்குச் சண்டை பிடிக்கத் தயாராகத்தான், எழுதுபவர்கள் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்துக்குப் போனேன். அங்கே ஒருவர் பொறுமையாக வழிமாற்று என்ற ஏற்பாட்டைக் காட்டித் தந்தார். எந்தப் பெயரைத் தட்டினாலும் ஒரே பக்கம் திறக்கும். அவர்கள் சொல்லும் நிற்கிறது, எங்கள் சொல்லும் நிற்கிறது. தமிழில் இப்படி ஓர் இடம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. என் பிழைகளையும் அங்கேதான் திருத்தினார்கள். ஹட்சன் சில்வா 1961-ல் நிறுவிய இலங்கைக் கண்தான சங்கத்தை லயன்ஸ் பணியோடு சேர்த்து எழுதிவிட்டேன். அது தனி அமைப்பு என்று ஒருவர் பிரித்துக் காட்டினார். யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் வரலாறு பக்கத்தைத் திறந்தால், இரவு ஒரு மணிக்கு முகம் தெரியாத யாரோ என் ஒற்றுப்பிழைகளைத் திருத்திவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் நான் நன்றியுள்ளவன்.

சரி, அந்த வரிக்கு வருகிறேன். "இலங்கையின் மலையகத் தோட்டப் பகுதிகளில் லயன்ஸ் கழகங்கள் இலவசக் கண் முகாம்களை நடத்தியுள்ளன." எழுதிய மறுநாளே பக்கத்தில் "சான்று தேவை" என்று ஒட்டிவிட்டார்கள். நான்கு வருடம் அந்த ஒட்டோடு நின்ற வரி அது.

தேடாமல் இல்லை. பழைய பத்திரிகை நறுக்குகளைத் தேடிப் பிடித்தேன். ஒன்றில் முகாம் படம் இருந்தது. விளக்கேற்றியவர், பொன்னாடை போர்த்தியவர், போர்த்தப்பட்டவர் எல்லோருக்கும் பெயர் உண்டு. எந்தத் தோட்டம் என்று இல்லை, எத்தனை பேருக்குப் பார்வை கிடைத்தது என்றும் இல்லை. ஊரிலுள்ள ஒரு கழகத்தின் ஆண்டு மலரைக் கடைக்கார முதலாளி ஒருவர் எடுத்துத் தந்தார். வாழ்த்துச் செய்திகள், முன்னாள் தலைவர்களின் படங்கள், நகைக்கடை விளம்பரங்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. முகாமுக்கு ஒரே வரி: பல கண் முகாம்கள் நடத்தப்பட்டன. எங்கே, எப்போது, எத்தனை? மலரைத் தரையில் வீசலாம் போல இருந்தது. அந்த மனிதர்கள் செய்தது பெரிய வேலை, செய்ததைச் சரியாக எழுதிவைத்திருக்கலாமே. அப்படியே எழுதியிருந்தாலும் கழகம் தானே போட்ட மலர் தன்னைப் பற்றிய சான்றாகச் செல்லாது, வெளியாள் எழுதியிருக்கவேண்டும்.

அம்மாவே சாட்சி என்று பேச்சுப் பக்கத்தில் எழுதினேன். அவரை நம்புகிறோம், ஆனால் வாசிப்பவர் எப்படிச் சரிபார்ப்பார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதே விதியை வைத்துத்தான், ஊர்ப் பிரமுகர் ஒருவரின் பெயரை முன்னோடி என்று யாரோ செருகியபோது நான் எடுத்துவிட்டேன். சான்று கேட்காவிட்டால் கட்டுரை முழுக்கப் பொன்னாடைதான் இருக்கும். இது எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் ஆறவில்லை. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடக்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று ஏக்கர் கணக்கோடு எழுத முடிகிறது. குழி வெட்டியவர்களின் பெயரை எந்தப் புத்தகத்தில் தேடுவது? சிகாகோவில் நூறு வருடத்துக்கு முன் நடந்த கூட்டத்துக்குக் காகிதம் இருக்கிறது. என் கண் முன்னால் என் அம்மாவுக்குக் கண் தெரிந்ததற்குக் காகிதம் இல்லை.

இனித் தங்கச்சிக்குப் பதில். இவ்வளவு புகழ்ந்தேன், புகழ்ந்ததில் ஒரு சொல்லையும் திரும்ப எடுக்கமாட்டேன். ஆனாலும் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். நம் ஊரைப் பற்றி நீ எழுதும் ஒவ்வொரு வரியிலும் அந்த ஒட்டு விழும், மனசு விட்டுப்போகும். அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் பாடசாலையில் அடுத்த முறை முகாம் வைக்கும்போது, அன்றே ஒரு செய்தி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பு. தோட்டத்தின் பெயர், டிவிஷன், திகதி, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குக் கண்ணாடி, எத்தனை பேரைச் சத்திரசிகிச்சைக்குக் கூட்டிப்போனார்கள் எல்லாம் அதில் வரவேண்டும். விளக்கேற்றியவரின் பெயரைக் கடைசியில் போடு. அச்சில் வந்ததும் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பு, திகதியும் பக்க எண்ணும் தெரியும்படி.