காந்தி நகர் ஓ.இ.டி. வகுப்பு, லீட்ஸிலிருந்து ஒரு வார்த்தை

வேலூரில் நர்ஸாக இருந்துகொண்டே இங்கிலாந்து போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். காட்பாடி காந்தி நகரில் மாடியில் நடக்கும் இந்த ஓ.இ.டி. (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) வகுப்புக்கு, நைட் டியூட்டி முடிந்து நேராகப் போய் நான்கு மாதம் படித்தேன். நோயாளி பற்றிய குறிப்புகளை (கேஸ் நோட்ஸ்) வைத்து டாக்டர் போன்ற ஒருவருக்குக் கடிதம் எழுதும் ரைட்டிங் பகுதிதான் இவர்கள் பலம். 45 நிமிடத்தில் முதல் 5 நிமிடம் கேஸ் நோட்ஸைப் படிக்க மட்டும்தான், பேனாவைத் தொடக்கூடாது என்று மேடம் கடிகாரத்தோடு நிற்பார், கடிதத்தில் வேண்டாத ஒரு வரி இருந்தாலும் சிவப்பு மையில் அடித்துவிட்டு, "இது அந்த டாக்டருக்கு எதுக்கும்மா?" என்பார். பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்.எம்.சி. ரைட்டிங்கில் 300 மதிப்பெண், மற்ற மூன்றிலும் (லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங்) 350 கேட்கிறது. எனக்கு முதல் தடவையே வந்துவிட்டது.

இவர்கள் ஏஜென்ட் வேலை பார்ப்பதில்லை, அதுவே பெரிய நிம்மதி. வேறொரு ஏஜென்ட் என்னிடம் மூன்று லட்சம் கேட்டார். பிரிட்டனில் வேலை தேடித்தர விண்ணப்பதாரரிடம் பணம் வாங்குவது சட்டப்படி தவறு என்று இங்கேதான் தெரிந்துகொண்டேன், அப்புறம் அங்குள்ள அரசு மருத்துவச் சேவையின் வேலைவாய்ப்புத் தளமான என்.எச்.எஸ். ஜாப்ஸில் நானே விண்ணப்பித்தேன்.

ஒரே குறை லிஸனிங். நான் இப்போது இருக்கும் லீட்ஸ் பக்கத்து யார்க்‌ஷயர் பேச்சையும் போட்டுக் காட்டுங்கள் மேடம், இங்கே வந்த முதல் மாதம் ஹேண்டோவரில் (ஷிப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைப்பது) பாதி புரியாமல் தவித்தேன்.