முட்டம் பக்கம் பழைய நாலுகெட்டு வீட்டுல ரெண்டு நாள்

கல்யாண நாளுக்கு எங்கயாவது போலாம்னு வீட்டுல கேட்டுட்டே இருந்தாங்க, அதான் கன்னியாகுமரி மாவட்டம் முட்டம் கடற்கரை பக்கத்துல பழைய நாலுகெட்டு வீட்ட (நடு முற்றத்த சுத்தி நாலு பக்கமும் கட்டுன கேரள பாணி வீடு) புதுப்பிச்சு ஹோட்டலாக்கிருக்காங்கன்னு கேள்விப்பட்டு ரூம் போட்டோம், ஒரு ராத்திரிக்கு 7,500 ரூவா. உள்ள கால் வச்சதுமே பத்மநாபபுரம் அரண்மனை ஞாபகம்தான், மரத்தூண், சரிஞ்ச ஓட்டுக்கூரை, நடுவுல வானம் பாத்த முற்றம். ராத்திரி ஏசியே போடல, சன்னல தெறந்தா கடல்காத்துதான்.

ஆனா தரைய பத்தி சொல்லியே ஆகணும். அரண்மனைல சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளக்கருன்னு சேத்து மெழுகுன கருப்புத் தரை இன்னைக்கும் கண்ணாடி மாதிரி கெடக்கு, இங்க பழைய தரைய பேத்துட்டு வழுவழுன்னு டைல்ஸ் ஒட்டிருக்காங்க, எனக்கு மனசே ஆறல. அத மட்டும் விட்டிருந்தா எவ்வளவு நல்லாருந்திருக்கும்!

சாப்பாடு அருமை. மத்தியானம் அவிச்ச மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளை மீன் குழம்பும், தேங்கா நல்லா அரைச்சு ஊத்தி, ரெண்டாவது தடவயும் வாங்கி சாப்பிட்டேன், காலைல மட்டிப்பழம்னு இந்தப் பக்கத்து வாழப்பழம். பாத்ரூம் தண்ணி லேசா உப்பு.

1741ல திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரங்கள தோக்கடிச்ச குளச்சல் கிட்டதான், ஒரு எட்டு போய்ட்டு வாங்க. ஜூன், ஜூலைல போனா கடல் கொந்தளிப்பா இருக்கும், குளிக்க எறங்கிடாதீங்க.