மூன்று ஒலிப்பதிவுகளை நம்பி 31,500 ரூபாயை இழந்தேன்

ஏமாந்துவிட்டேன் என்பது நேற்று இரவுதான் உறுதியானது. அசல் என்று நம்பி வாங்கிய இசைத்தட்டு ஊசியைப் பூதக்கண்ணாடியில் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். இசைத்தட்டைச் சுழற்றும் பழைய டர்ன்டேபிளின் பாகங்களைத் தேடிக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் தப்பித்தால் போதும்.

என்னிடம் இருப்பது ஆர்டோஃபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ், அதாவது தட்டின் பள்ளத்தை ஊசியால் படித்து ஒலியை மின்சைகையாக மாற்றும் சிறு பாகம். நல்ல பொருள். ஆனால் அப்பா சேர்த்துவைத்த கச்சேரித் தட்டுகளில், பக்கம் முடியும் தறுவாயில், 'ச'வும் 'ஸ'வும் சீறும். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில்தான் சுழல்கிறது; உள்வட்டம் சிறியது என்பதால் அங்கே ஒலி நெருக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கும். அதைப் பிசிறின்றிப் படிக்க இன்னும் மெல்லிய முனை வேண்டும். ஷுர் நிறுவனத்தின் 1970-களின் வி15 டைப் 3 கார்ட்ரிட்ஜ் அப்படிப்பட்டது. அசல் ஊசியோடு கிடைத்தால் ஒரு கிராம் அழுத்தத்திலேயே பள்ளத்தை விட்டு விலகாமல் ஓடும். ஷுர் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டதால், அசல் ஊசி கிடைப்பது குதிரைக்கொம்பு.

பழைய பொருட்கள் கைமாறும் ஓர் இணையச் சந்தையில் அந்த ஷுர் கார்ட்ரிட்ஜை, "அசல் ஊசி, பிரிக்காத பெட்டி" என்று ஒருவர் போட்டிருந்தார். விலை 31,500 ரூபாய். நான் தயங்கினேன். அப்போது அவர் சொன்னதுதான் என்னை வீழ்த்தியது. "சார், அவசரப்பட்டு வாங்காதீர்கள். உங்களிடம் இருக்கும் ரெட், டெனான் டிஎல்-103, இந்த ஷுர், மூன்றும் என்னிடம் இருக்கின்றன. ஒரே தட்டில் மூன்றையும் ஓட்டிப் பதிவு செய்து அனுப்புகிறேன். காதுக்குப் பிடித்தால் மட்டும் பணம் கொடுங்கள்."

விற்க வந்தவரே அவசரப்படாதே என்கிறார். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? மறுநாளே மூன்று பதிவுகளும் வந்தன. ஹெட்போனில் இரவு ஒரு மணி வரை மாற்றி மாற்றிக் கேட்டேன். ரெட் தெளிவாக இருந்தது, டெனான் சற்றுக் கனிவாக இருந்தது. ஷுர் பதிவிலோ மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) எழுந்து நின்றது, குரல் அறைக்குள்ளேயே வந்துவிட்டது. காலையில் பணம் அனுப்பிவிட்டேன்.

பொருள் வந்தது. ஒரு கிராமில் வைத்தேன், ஊசி தாவியது. 1.25 கிராமுக்கு ஏற்றினேன், அப்போதும் தாவியது. "டோன் ஆர்மைச் சரிபாருங்கள் சார்" என்றார், கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையைச் சொல்கிறார். பார்த்தேன். "உங்கள் போனோ ஆம்ப் ஒத்துவரவில்லை" என்றார், கார்ட்ரிட்ஜின் சிறு சைகையைப் பெருக்கும் கருவியைத்தான். நண்பரின் ஆம்பில் போட்டும் அதே கதைதான். "வெளியூரில் இருக்கிறேன், திங்கட்கிழமை பேசுகிறேன்" என்றார். கடைசியில், "2.25 கிராம் வையுங்கள், பழகிவிடும்" என்றார். வி15 டைப் 3-க்கு ஷுர் குறிப்பிட்ட அழுத்தமே 0.75 முதல் 1.25 கிராம் வரைதான்! இது தெரியாதவரா அந்தக் கார்ட்ரிட்ஜை விற்பவர்? அவர் பேச்சை நம்பி ஒருமுறை 2.25-இல் ஓட்டினேன். அப்பாவின் தட்டில் இப்போது புதிதாக ஓர் இரைச்சல் கேட்கிறது. அதற்கு யாரிடம் போய்க் கேட்பது?

இப்படி இழுத்தடித்ததில் ஒன்பது நாள் போய்விட்டது. சந்தையின் திருப்பியனுப்பும் கெடு ஏழு நாள். அவர்களிடம் முறையிட்டால், "கெடு முடிந்துவிட்டது, விற்பவரோடு நேரடியாகப் பேசவும்" என்ற ஒரே வரி மூன்று முறை வந்தது. விற்பவரோ, "பயன்படுத்திய ஊசியைத் திரும்ப எடுப்பதில்லை" என்று சொல்லி எண்ணைத் தடை செய்துவிட்டார். 31,500 ரூபாய்!

பூதக்கண்ணாடியில் தெரிந்தது, உலோகத் தண்டின் நுனியில் ஒட்டவைத்த ஒரு துளி வைரம். அசல் ஊசியில் முழு வைரக் கல்லே இருக்கும். யாரோ செய்த மாற்று ஊசியை அசல் என்று தலையில் கட்டிவிட்டார்.

பிறகுதான் அந்தப் பதிவுகளைக் கணினியில் அளந்தேன். ரெட் தரும் மின்சைகை 5.5 மில்லிவோல்ட், ஷுர் தருவது 3.5. ஒரே ஆம்பில், ஒரே அளவில் பதிவு செய்தால் ஷுர் ஏறக்குறைய 4 டெசிபல் தாழ்ந்து ஒலிக்க வேண்டும். அவர் அனுப்பியதில் 3 டெசிபல் உயர்ந்து ஒலிக்கிறது. வேண்டுமென்றே ஏற்றியிருக்கிறார். சத்தம் சற்றுக் கூடினாலே காதுக்கு அது உயிரோட்டமாகப் படும். நான் மயங்கியது அதில்தான். ரெட்டின் சத்தத்தையும் சமமாக்கிக் கேட்டால், அந்த மிருதங்கம் அதிலும் அப்படியே எழுந்து நிற்கிறது.

கார்ட்ரிட்ஜ் வாங்குவது பற்றி விரிவாக எழுத நினைத்திருந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. விற்பவர் அனுப்பும் ஒப்பீட்டை நம்பாதீர்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் சத்தத்தைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். ஊசி முனையை நெருக்கத்தில் எடுத்த படம் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். பொருள் வந்த அன்றே ஓட்டிப் பாருங்கள், குறை இருந்தால் அன்றே திருப்பியனுப்பப் பதிவு செய்யுங்கள், விற்பவரோடு பேசிக்கொண்டே நாளைக் கழிக்காதீர்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் இன்று காலை புகார் கொடுத்திருக்கிறேன். மூன்று பதிவுகள், ஊசியின் படம், ஒன்பது நாள் உரையாடல், 31,500 ரூபாய்க்கான ரசீது எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். இதே ஆளிடம் வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் புகார் கொடுங்கள்.